கனகராயன் ஆற்றோரக் காடு: பாதுகாப்பு எல்லையை வரைபடத்தில் தீர்மானிப்பது எப்படி?

முள்ளியவளை மாணவி:
இரணைமடுக் குளத்துக்கு மேலே கனகராயன் ஆற்றோரம் உள்ள காட்டையும், 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்தையும் இணைக்கும் பாதுகாப்புத் தொடரொன்றை என் ஆய்வுக்காக வரைகிறேன். தை மாதச் சென்டினல் செய்மதிப் படத்தைக் கியூஜிஸ் வரைபட மென்பொருளில் வகைப்படுத்தினால், பாலைமரக் காடும், காடு வெட்டிப் பயிரிட்டுக் கைவிட்ட சேனையும் ஒரே பச்சையாகத் தெரிகின்றன. இந்த வரைபட அடுக்கை, பாதுகாக்க வேண்டிய இடங்களைத் தெரிவுசெய்ய உதவும் மார்க்சான் மென்பொருளுக்குக் கொடுக்கலாமா?

வவுனியா வரைபடக்காரர்:
கொடுக்க வேண்டாம். மாரி முடிந்த கையோடு எடுத்த படத்தில் வன்னி முழுவதும் பச்சைதான். ஆவணிப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள்; பற்றைகள் காய்ந்துவிட, பாலையும் வீரையும் பசுமை மாறாமல் நிற்கும். கோடையில் இலையுதிர்த்து நிற்கும் தேக்கந்தோட்டத்தையும் அப்போது பிரித்தறியலாம். குளங்களுக்கும் இரண்டு படங்கள் தேவை. குளம் நிரம்பி வான் பாயும் காலத்து நீர்விளிம்புக்கும் வற்றிய காலத்து விளிம்புக்கும் இடைப்பட்ட அலைகரையில்தான் கரைப்பறவைகள் இரை தேடுகின்றன. அதைத் தனி வகையாகவே குறியுங்கள்.

கிளிநொச்சி ஆய்வாளர்:
எந்த இடம் அரியது என்பதை மார்க்சான் தானாக அறியாது. ஒவ்வோர் இனத்துக்கும் வாழிடத்துக்கும் நீங்கள் வைக்கும் இலக்குகளை மிகக் குறைந்த செலவில் நிறைவேற்றும் வரைபடக் கட்டங்களின் தொகுதியை மட்டுமே அது தேடுகிறது. நூறு தடவை ஓடவிட்டு, எந்தக் கட்டம் எத்தனை தடவை தெரிவாகிறது என்று பாருங்கள். எல்லை நீளத்தைக் குறைப்பதற்கு மென்பொருளில் கொடுக்கும் எடையை அளவுக்கு மீறிக் கூட்டினால் ஒடுங்கிய ஆற்றோரம் விடுபட்டு, திரண்ட காட்டுத்துண்டு மட்டுமே தெரிவாகும். இன்னொன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்: நம்மிடமுள்ள பறவைப் பதிவுகளில் பெரும்பாலானவை வீதியோரத்தில் எடுத்தவை. கண்ணிவெடி அச்சத்தால் எவரும் நுழையாத காட்டில் பதிவு இல்லையென்பதற்காக அங்கே உயிரினமே இல்லையென்று பூச்சியம் இடாதீர்கள்.

ஒட்டுசுட்டான் கமக்காரர்:
தங்கச்சி, ஓர் இடத்தைப் பாதுகாப்பதற்கான செலவு என்ற அடுக்கை எதைக் கொண்டு நிரப்புகிறீர்கள்? காலபோகத்தில் வயலெல்லாம் பயிர் நிற்கும்போது எங்கள் மாடுகள் காட்டோரத்துக்கும் அலைகரைக்கும்தான் போகின்றன. காணி உறுதி இல்லாத நிலம் என்று அதற்குச் செலவே இல்லாமல் விட்டால், மென்பொருள் முதலில் அதைத்தான் எடுக்கும். பிறகு எல்லைக்கல்லின் இரு பக்கமும் பகைதான் வளரும். புரட்டாசிக்குள் வாருங்கள். ஜிபிஎஸ் கருவியோடு மாட்டுத்தடத்தையும் யானைத்தடத்தையும் நடந்தே குறித்துத் தருகிறோம்.

முள்ளியவளை மாணவி:
மேய்ச்சல்தரையை நான் வெறுந்தரை என்றே வகைப்படுத்தியிருந்தேன், ஐயா. ஆவணிப் படத்தோடு வருகிறேன்.