காலுக்கு அடியில் 5,000 வருஷத்துக் கல் சுவர்: மேயோ அனுபவங்கள்

அயர்லாந்தின் மேற்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேயோ கவுண்டியின் வடகரைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். பாலிகாசிலைத் தாண்டியதும், கடலைப் பார்த்த சரிவில் கேய்ஜ ஃபீல்ட்ஸ் (Céide Fields) என்ற கற்கால வயல்வெளி இருக்கிறது. போய் இறங்கினால் பிரமிடு மாதிரி ஒரு கட்டடமும், சுற்றிலும் பழுப்பு நிறச் சதுப்பும்தான் கண்ணில் படும். பார்க்க வேண்டியது அத்தனையும் காலுக்கு அடியில்.

எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி அம்மா நீளமான ஓர் இரும்புக் கம்பியை என் கையில் கொடுத்து, "அழுத்துங்கள்" என்றார். வெண்ணெயில் கத்தி போவதுபோல் இறங்கிக்கொண்டே போனது. கொஞ்சம் தள்ளி மறுபடி அழுத்தினேன். பாதியிலேயே 'ணங்'கென்று நின்றது. மணிக்கட்டு வரை அதிர்ந்தது. கல்! கற்கால விவசாயிகள் வயலுக்கு வயல் எழுப்பிய சுவர். கம்பி கல்லைத் தொடும் இடமெல்லாம் மூங்கில் குச்சி நட்டுக்கொண்டே போனால், தோண்டாமலே சுவரின் போக்கு தெரிந்துவிடும். மைல் கணக்கில் ஓடும் சுவர்களை இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஓயாத மழை, குளிர். செத்த பாசியும் புல்லும் மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்து, வயலையும் சுவரையும் அப்படியே மூடிவிட்டன. சில இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல் மூடியிருக்கிறது.

இதை முதலில் கவனித்தவர் பெல்டெரிக் ஊர்ப் பள்ளி ஆசிரியர் பாட்ரிக் கால்ஃபீல்ட். 1930களில் அடுப்புக்கு டர்ஃப் (காயவைத்து எரிக்கும் சதுப்பு மண்கட்டி) வெட்டும்போது, சதுப்பின் அடியில் கற்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்தார். சதுப்பு மேலே வளர்ந்திருக்கிறது என்றால், அதற்கு முன்பே யாரோ மனிதர்கள் அங்கே கல் அடுக்கியிருக்க வேண்டும் என்று யோசித்தார். அவர் மகன் ஷேமஸ் தொல்லியல் படித்து, 1970களில் முறையாக ஆராய்ந்தார். அந்தக் கம்பியும் ஊர்க்காரர்களுடையதுதான். சதுப்பில் புதைந்த பழைய மரங்களைத் தேடக் காலங்காலமாக அவர்கள் வைத்திருந்த உத்தி அது. எனக்கு இந்த இடத்தின்மேல் இவ்வளவு மரியாதை வந்ததே இதனால்தான். (சுவர்கள் அவ்வளவு பழையவை அல்ல என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அதையும் படித்துவிட்டுப் போங்கள்.)

திரும்பி வந்து பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சின்ன வயதில் அப்பாவோடு டர்ஃப் வெட்டப் போனவர். அடியில் பைன் மரத்தூர் வருமாம். காயவைத்துக் கீறினால் பிசின் மணக்குமாம். அடுப்புப் பற்றவைக்க அதுபோல் வேறு விறகு கிடையாதாம். அன்று ராத்திரி வெகு நேரம் பேசினார்.

பதில்:
அண்ணா, அதே மேயோவில் இருக்கும் அக்கில் தீவுக்குப் போயிருக்கிறீர்களா? ஸ்லீவ்மோர் மலையின் தெற்குச் சரிவில் 80க்கும் மேற்பட்ட கல்வீடுகள் கூரையில்லாமல் வரிசையாக நிற்கின்றன. ஒரு வீட்டுக்குள் போய் நின்றேன். ஒரே அறை, ஒரு கோடியில் மாடு கட்டும் இடம், சாணத்தண்ணீர் வெளியேறத் தரையில் ஓடை. வெளியே, உருளைக்கிழங்குப் பாத்திகள் புல்லுக்கு அடியில் இன்னும் வரிவரியாகத் தெரிகின்றன. மேயோவில் 1841இல் 3,88,887 பேர் இருந்தார்கள். உருளைக்கிழங்கு அழுகிப்போய் வந்த பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, 1851இல் 2,74,499 பேர். எண்ணாகப் படித்தபோது உறைக்காதது, அந்தப் பாத்திகளுக்கு நடுவே நின்றபோது உறைத்தது.

பதில்:
போயிருக்கிறேன் தம்பி. பிற்காலத்தில் கோடையில் மாடு மேய்க்க வருகிறவர்கள் அந்த வீடுகளில் தங்கியிருக்கிறார்கள். கேய்ஜ, அக்கில் இரண்டுக்கும் தனித்தனி நாள் ஒதுக்குங்கள். கேய்ஜ மையம் குளிர்காலத்தில் மூடியிருக்கும், பார்த்துக் கிளம்புங்கள். தண்ணீர் புகாத பூட்ஸ் கட்டாயம் வேண்டும். கம்பியை நீங்களே அழுத்திப் பார்க்கலாமா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.