புதுப்பிப்பு: கார்டில் கட்டினால் 50 சென்ட் கூடுதல்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், செயின்ட்-ஆந்த்ரே ஊரில் நம்மவர் மளிகைக் கடை ஒன்று கார்டுக்கு 50 சென்ட் கூடுதலாக வாங்குவது சரியா என்று முன்பு கேட்டிருந்தேன். கூடாது. இங்கே பிரெஞ்சு சட்டம்தான். கார்டுக்குத் தனிக் கட்டணம் போட முடியாது. கார்டில் கட்டக் குறைந்தபட்சத் தொகை வைக்கலாம், ஆனால் அதைக் கடையில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

கடைக்கார அண்ணனிடம் பேசினேன். "அரிசி பருப்பில் என்ன லாபம் தம்பி, வங்கி அதையும் பிடுங்குகிறதே" என்றார். அவர் வருத்தம் நியாயமானது. 2015ஆம் ஆண்டு ஐரோப்பிய விதி, வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் கட்டணத்தை டெபிட் கார்டுக்கு 0.2%, கிரெடிட் கார்டுக்கு 0.3% என்று கட்டுப்படுத்தியது. ஆனால் கடைக்காரரிடம் அவருடைய வங்கி வாங்கும் மொத்தக் கமிஷனுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. சின்னக் கடைக்கு அடி விழுவது அங்கேதான்.

அதற்காக 10 யூரோ சாமானுக்கு 50 சென்ட், அதாவது 5%, வாங்குவதை என்னால் ஏற்க முடியாது. ரொக்கம் எண்ணுவதற்கும் செலவு உண்டு, அதற்கு யாரும் தனியாகக் கேட்பதில்லையே! சரி, கார்டுக்கு 50 சென்ட் கூடுதல் என்று வைத்திருந்த அறிவிப்பை அண்ணன் இப்போது எடுத்துவிட்டார். கமிஷனைக் குறைக்கச் சொல்லி வங்கிக்குக் கடிதம் எழுத நானும் உதவுகிறேன்.