செரினும் சிஸ்டீனும்: ஓரணு வித்தியாசத்துக்கு இவ்வளவா?

வேதியியல் படிச்சவங்க கொஞ்சம் கைகொடுங்க. பிளஸ் டூ படிக்கிற தங்கச்சி மகளுக்கு அமினோ அமிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அமினோ தொகுதி, கார்பாக்சில் தொகுதி பொது, பக்கச்சங்கிலிதான் மாறும்ங்கிற வரைக்கும் புரிஞ்சிடுச்சு. (புரோலின்ங்கிற அமினோ அமிலம் இதுல கொஞ்சம் விதிவிலக்கு, அந்தத் தகராறை அப்புறம் பார்த்துக்கலாம்.)

செரின், சிஸ்டீன்னு ரெண்டு அமினோ அமிலம். செரினில் ஆக்சிஜன் இருக்கிற இடத்துல சிஸ்டீனில் கந்தகம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா ரெண்டு சிஸ்டீன் ஹைட்ரஜனை இழந்து சேர்ந்தா டைசல்ஃபைடு பிணைப்பு, அதாவது கந்தகம்-கந்தகம் பிணைப்பு. இன்சுலினில் 21 அமினோ அமிலச் சங்கிலியையும் 30 உள்ளதையும் கோத்து வைக்கிறது அப்படி ரெண்டு பிணைப்பு. மூணாவது பிணைப்பு, 21 உள்ள சின்னச் சங்கிலிக்குள்ளேயே இருக்கு.

செரின் ஏன் இப்படிச் சேர்றதில்ல? ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பு பலவீனம்னேன். "அது ஏன் மாமா?"ன்னு உடனே அடுத்த கேள்வி. சின்ன அணு, தனித்த (பிணைப்பில் சேராத) எலக்ட்ரான் இரட்டைகள் நெருக்கத்துல ஒண்ணையொண்ணு தள்ளுதுன்னு சொன்னா போதுமா? பிளஸ் டூ அளவுக்குப் படமோ வீடியோவோ இருந்தா போடுங்க, தமிழில்னா ரொம்ப நல்லது.