'மாற்றப்பட்டது' இல்லாமல் அறிக்கை எழுதுவது எப்படி?

வணக்கம். காரைக்குடியில் எங்கள் பொது வீட்டைப் பழுதுபார்த்த செலவுக் கணக்கை வெளியூர்ப் பங்காளிகளுக்குத் தெரிவிக்க ஓர் அறிக்கை எழுதினேன். 'வளவின் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியின்) ஓடுகள் கொத்தனாரால் மாற்றப்பட்டன. இது ஒரு அவசியமான வேலையாக இருந்தது' என்று படித்துக் காட்டியபோது, 'கொத்தனார் ஓடு மாத்துனாருன்னு எழுதுனா ஆகாதா?' என்று அப்பத்தா கேட்டார்கள். அந்த 'ஆல்', 'ஒரு', 'ஆக இருந்தது' மூன்றும் ஆங்கில வாக்கியத்தின் அச்சு என்பது அப்போதுதான் உறைத்தது.

'மாற்றப்பட்டது' போல 'படு' சேர்ந்து வரும் செயப்பாட்டுவினை தமிழுக்குப் புதிதன்று; ஆனால் செய்தவரைச் சொல்லத் தேவையில்லாத இடத்தில், உரையாசிரியர்கள் 'திண்ணை மெழுகிற்று' என்று எடுத்துக்காட்டுவதுபோல, செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியம் ஏற்கிறது. 'சுண்ணாம்பு பூசியாயிற்று', 'ஒயரிங் மாற்றியாயிற்று' என்று அறிக்கை முழுவதும் எழுதினால் பேச்சுநடையாகத் தோன்றுமா? கணக்கறிக்கை எழுதிப் பழகியவர்கள், 'படு' குறைந்த இரண்டொரு வாக்கியங்களை மாதிரிக்கு எழுதிக் காட்டுமாறு வேண்டுகிறேன்.