இல்லாத பருத்தியை எப்படி விற்றார்கள்? ஷராஃப் ரஷீதோவ் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: தாமான் வாசகன் (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த சந்திப்பில் லால் பகதூர் சாஸ்திரியின் கடைசி நாள்களைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. 1966 ஜனவரி 10ஆம் நாள் தாஷ்கண்டில் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானுடன் உடன்படிக்கை செய்துகொண்ட சாஸ்திரி அன்று பின்னிரவிலேயே இறந்துபோனார் என்ற செய்தியை, எங்கள் தாத்தா தோட்டத்துக் கோயில் திடலில் நின்று வானொலியில் கேட்டதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த நகரை அப்போது ஆண்டவர் யார் என்று தேடப் போய், அன்று சோவியத் ஒன்றியத்தின் பகுதியாக இருந்த உஸ்பெகிஸ்தானில் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளராக 24 ஆண்டுகள் இருந்த ஷராஃப் ரஷீதோவிடம் வந்து நிற்கிறேன்.

பதவியில் இருக்கும்போதே 1983இல் இறந்து, தலைநகரின் நடுவில் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்ட ஒருவரின் உடலை, மூன்றே ஆண்டுகளில் தோண்டி வேறிடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகு அவர் பெயரையே தாஷ்கண்டின் பெரிய சாலைக்கு வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் பருத்தி ஊழல் என்கிறார்கள். இல்லாத பருத்தியை அரசாங்கத்துக்கு விற்றுக் காசு வாங்கினார்கள் என்று படித்தேன். இல்லாத பொருளை எப்படி விற்க முடியும்? வாங்கியவன் கண்ணில் அது படாதா? இவ்வளவுக்கும் ரஷீதோவ் ஒருவரையே பொறுப்பாளி ஆக்குவது நியாயமா?

பதில் 1: பழைய கிராணி

தம்பி, ரஷீதோவைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். இல்லாத பொருளை விற்பது எப்படி என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் உத்தியோகக் காலம் முழுவதும் தராசுக்கு அருகில்தான் கழிந்தது.

நம் ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பால்வெட்டுத் தொழிலாளி வாளியை இறக்குவார், நிறுத்து எழுதுவோம், பிறகு பாலைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, அதில் ரப்பரின் அளவைக் காட்டும் மிதவைக் கருவியான மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, அதன் கழுத்தில் பால் மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்த்து, உலர்ந்த ரப்பர் எத்தனை கிலோ தேறும் என்று கணக்கிடுவோம். அந்த ஒரு கோட்டைக் கூட்டியோ குறைத்தோ எழுதினால், மரத்தில் இல்லாத ரப்பர் புத்தகத்தில் பிறக்கும், அல்லது தொழிலாளியின் ரப்பர் புத்தகத்தில் சாகும். நான் இளங்கிராணியாக இருந்த ஒரு தோட்டத்தில், மாத இலக்கு எட்டவில்லை என்பதற்காக அடுத்த மாதத்து முதல் இரண்டு நாள் பாலை இந்த மாதக் கணக்கில் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். அடுத்த மாதம் அந்தக் கடனை அடைக்க நான்கு நாள் பாலைக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. ஆலையின் நிறைக்கணக்கு வந்த அன்று குட்டு உடைந்தது. திட்டு வாங்கியது நான்தான், சொன்னவர் வாயே திறக்கவில்லை.

உஸ்பெகிஸ்தானில் அந்தக் குட்டு உடையாமல் பல ஆண்டுகள் ஓடியது. கூட்டுப்பண்ணை தன் பருத்தியை அரைவை ஆலையின் கொள்முதல் நிலையத்தில் ஒப்படைத்தால், அங்கே தரும் ரசீதை வைத்து அரசு பணம் கொடுக்கும். ஆலை நிர்வாகி பங்கு வாங்கிக்கொண்டு, வராத பருத்திக்கும் ரசீது எழுதினார். விதையோடு வரும் பருத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. மிச்சம் விதையும் குப்பையும் ஈரமும். நம் பாலில் தண்ணீரைப் போல, அந்த மிச்சத்துக்குள் எதை வேண்டுமானாலும் ஒளிக்கலாம். அங்கேயும் அடங்காதது ரஷ்யாவிலுள்ள நெசவாலைகளுக்குப் பாதி காலியான ரயில் பெட்டிகளாகப் போய்ச் சேர்ந்தது. பெட்டி நிறைய வந்தது என்று கையெழுத்துப் போட அங்கிருந்தவர்களுக்கும் கையூட்டு போனது. வாங்கியவன் கண்ணில் படாதா என்று கேட்டீர்கள் அல்லவா, பட்டது. அந்தக் கண்ணுக்கும் ஒரு விலை இருந்தது. இப்படிக் கூட்டி எழுதுவதற்கு ரஷ்ய மொழியில் ‘பிரிபிஸ்கி’ என்றே ஒரு சொல் வழங்குகிறது.

பதில் 2: சரித்திர டீச்சர் (ஈப்போ)

கிராணி ஐயா சொன்னது சரி. நான் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

ரஷீதோவ் 1917இல் ஜிஸாக்கில் பிறந்தவர். ஆசிரியர், பத்திரிகையாளர், கவிஞர். இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டுத் திரும்பியவர். எழுத்தாளர் சங்கத் தலைவராக இருந்து அரசியலில் மேலேறியவர். 1959 மார்ச்சில் முதல் செயலாளர் ஆனார். 1962 மே மாதத்தில், கியூபாவில் ஏவுகணைகளை வைக்க காஸ்ட்ரோவின் சம்மதம் பெற சோவியத் தலைவர் குருஷ்சேவ் அனுப்பிய குழுவில் இவரும் இருந்தார் என்றால், மாஸ்கோ இவரை எவ்வளவு நம்பியது என்று பார்த்துக்கொள்ளலாம். சாஸ்திரி இறந்த அதே ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் நிலநடுக்கம் தாஷ்கண்டின் மையப் பகுதியைத் தரைமட்டமாக்கியது. மீண்டும் கட்டப்பட்ட நகரில் 1977இல் மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ ஓடியது. அது ரஷீதோவின் காலத்துப் பெருமை என்பதை அவருடைய எதிரிகளும் மறுப்பதில்லை.

குருஷ்சேவுக்குப் பின் சோவியத் தலைவரான பிரெஷ்னேவுக்கு அவர் நெருங்கியவர். அந்த நெருக்கத்துக்கு அவர் கொடுத்த விலைதான் பருத்தி. ஆண்டுக்கு 60 லட்சம் டன் தருகிறோம் என்று மேடையில் ஒப்புக்கொண்டார். அதற்குத் தண்ணீரும் நிலமும் கிடையாது. 1982 நவம்பரில் பிரெஷ்னேவ் இறந்து அண்ட்ரோபோவ் அந்தப் பதவிக்கு வந்ததும் காற்று மாறியது. 1983 வசந்தத்தில் புகாராவில் கைதுகள் தொடங்கின; அக்டோபர் 31ஆம் நாள் ரஷீதோவ் இறந்தார். தற்கொலை என்ற வதந்தி அன்று கிளம்பி இன்னும் அடங்கவில்லை. அதை உங்கள் பேச்சில் சேர்க்காதீர்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கூடிய கட்சிக் கூட்டத்தில், அதுவரை அவர் புகழ் பாடிய வாய்களே அவரை இகழ்ந்தன. பருத்தி அரைவைத் துறை அமைச்சராக இருந்த உஸ்மானோவுக்கு மரண தண்டனை கிடைத்தது. பிரெஷ்னேவின் மருமகனும் உள்துறை முதல் துணையமைச்சருமான சுர்பானோவுக்கு 1988இல் 12 ஆண்டுச் சிறை. ரஷீதோவுக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்த உஸ்மான்கோஜாயேவும் சிறைக்குப் போனார்.

ரஷீதோவ் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. அவர் மேல் தீர்ப்பு எதுவும் இல்லை. ஆகவே அவர் பணம் வாங்கினார் என்று என்னால் எழுத முடியாது. ஆனால் 24 ஆண்டுகள் ஆண்டவருக்குத் தன் வயல்களில் எவ்வளவு விளையும் என்று தெரியாமல் இருந்தது என்றால், அதை நான் நம்பமாட்டேன்.

பதில் 3: கம்பத்துக்காரன்

டீச்சர், உங்கள் பதிலில் மாஸ்கோ மிகச் சுலபமாகத் தப்பிவிடுகிறது. இலக்கை வைத்தது மாஸ்கோ. கோதுமை போட வேண்டிய நிலத்திலும் பருத்தி போடச் சொன்னது மாஸ்கோ. கையூட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்ட நெசவாலைகளும் ரஷ்யாவில்தான் இருந்தன. அப்படியிருக்க, பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் ‘உஸ்பெக் விவகாரம்’. ஓர் இனத்தின் பெயரையே குற்றத்தின் பெயராக்கினால் அந்த மக்களுக்கு எப்படி இருக்கும்? புலனாய்வாளர்கள் க்த்லியானும் இவானோவும் 1989இல் மக்கள் பிரதிநிதிகளாகும் அளவுக்குப் புகழ் பெற்றார்கள். பிறகு, ஆட்களை விசாரணையின்றி நெடுநாள் அடைத்து வைத்து வாக்குமூலம் வாங்கினார்கள் என்று அவர்கள் மேலேயே குற்றச்சாட்டு வந்தது. பின்னர் உஸ்பெகிஸ்தானின் முதல் அதிபரான இஸ்லாம் கரீமோவ் ஆட்சிக்கு வந்ததும் ரஷீதோவின் பெயரை மீட்டதற்கு அந்தக் காயம்தான் காரணம். கங்காணியை மட்டும் பிடித்துக் கட்டிப்போட்டு, துரை பங்களாவை யாரும் எட்டிப் பார்க்காத கதைதான் இது.

பதில் 4: பழைய கிராணி

கம்பத்துக்காரத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கங்காணியும் துரையும் மோதிக்கொண்ட இந்தக் கதையில் செடிக்கு முன் குனிந்து நின்றவர்களை யாரும் இதுவரை சொல்லவில்லை. இல்லாத பருத்திக்கு எழுதிய ரசீதுக்குப் பணம் கிடைத்தது. இருந்த பருத்தியைப் பறித்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கிடைத்தது அற்பம். அறுவடைக் காலத்தில் பள்ளிகளை மூடி மாணவர்களை வயலுக்கு ஏற்றிப்போன வழக்கம் ரஷீதோவோடு போகவில்லை, சோவியத்தோடும் போகவில்லை. 2021 அறுவடையில் அமைப்பு ரீதியான குழந்தை உழைப்பும் கட்டாய உழைப்பும் இல்லை என்று உலகத் தொழிலாளர் நிறுவனம் அறிவித்தது. அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பியதில் ஆரல் கடல் வற்றி, மொய்னாக் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்கள் இன்றும் மணலில் கிடக்கின்றன. அந்தக் கணக்குக்கு எந்த விசாரணையும் நடந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி கேட்டவர்: தாமான் வாசகன்

எல்லாருக்கும் நன்றி. சாஸ்திரியைப் பற்றிப் பேச வேண்டிய ஒரு மணி நேரத்தில் பாதி இப்போது ரஷீதோவுக்குப் போய்விடும் போலிருக்கிறது. கிராணி ஐயா, உங்களுக்கு வசதிப்பட்டால் சந்திப்புக்கு வந்து அந்த மெட்ரோலாக் விஷயத்தை நீங்களே சொன்னால் நன்றாக இருக்கும். செம்பனைக் காலத்தில் பிறந்த பிள்ளைகள் அதைக் கண்டதே இல்லை.

பழைய கிராணி

வருகிறேன், தம்பி. என்னுடையது ஒன்று அலமாரியில் இருக்கிறது. கோடுகள் பாதி அழிந்துவிட்டன. ஒரு ஜாடித் தண்ணீர் மட்டும் தயாராக வைத்திருங்கள்.