புதுப்பிப்பு: வீட்டு நர்சிங் சேவை, ஆள் கணக்கில் ஒரு திருத்தம்

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் வீட்டு நர்சிங் சேவை தொடங்குவது பற்றிய முந்தைய இழையில், 24 மணி நேரக் கவனிப்புக்கு ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் போதும் என்று எழுதியிருந்தேன். அது தவறு. வாரத்துக்கு 168 மணி நேரம்; ஒருவரின் வார வேலை நேரம் 48. அப்படியானால் மூன்றரைப் பேர் வேண்டும், இரண்டு வீட்டுக்கு 7 பேர். இதில் திடீர் லீவு சேரவில்லை. எட்டாவதாக ஒருவரை மாற்றாளாக வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறையப் பேர் லீவு கேட்பார்கள், டிசம்பர் டியூட்டி பட்டியலை நவம்பரிலேயே முடித்துவிட வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் பஸ் நேரம் பார்த்துத்தான் ஷிப்ட் மாற்றம்.

மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் உள்ளவருக்கு நர்சிங் கவுன்சில் பதிவு உள்ளவரையே அனுப்புங்கள். குளிப்பாட்ட, ஊட்ட உதவியாளர் போதும்.

முதல் நாளே முதுகு, இடுப்பு, குதிகால் பார்த்து, புண் இருந்தால் அளவோடு எழுதி வீட்டாரிடம் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய படுக்கைப்புண்ணுக்கும் உங்கள் நர்ஸ்தான் பழி சுமப்பார், பாவம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்த நேரத்தை நோட்டில் எழுதி, வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தை தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

ஊழியர் 10 பேரானதும் ஈ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு), 20 பேரானதும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பதிவு வேண்டும்.