கருவேலமா, சவுக்கா, புளியா? எந்த விறகில் சூடு அதிகம்?

மண்டபச்சமையல்:
வணக்கம். 400, 500 பேருக்குச் சமைக்கிற கட்டு அடுப்புகள். அடியில் கம்பித் தட்டு உண்டு, புகைபோக்கி இல்லை. இப்போது எரிப்பது சீமைக்கருவேலம் (கருவேலம் என்று இங்கே சொல்வது அதைத்தான்). விறகுத்தொட்டிக்காரர் சவுக்குக்கு மாறச் சொல்கிறார், டன்னுக்கு விலை கூடுதல். மாமரமும் தைலமரமும் கலந்த விறகு மலிவாகக் கிடைக்கிறது. ஒரு டன் கருவேலத்துக்குப் பதிலாக எத்தனை கிலோ சவுக்கு போதும்? சாதம், சாம்பார், தம் பிரியாணி மூன்றும் செய்ய வேண்டும்.

கொதிகலன்:
இரண்டும் ஒரே அளவு காய்ந்திருந்தால் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய ஒரு டன்தான். ஈரமே இல்லாத மரம் எதுவானாலும் கிலோவுக்குச் சுமார் 4,400 கிலோகலோரி சூடு கையில் கிடைக்கும். மரத்துக்கு மரம் நூற்றுக்கு ஐந்து, பத்து ஏறி இறங்கும், அவ்வளவே. "சவுக்கில் சூடு இரட்டிப்பு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சூட்டைத் தின்பது தண்ணீர். 100 கிலோ விறகில் 20 கிலோ தண்ணீர் இருந்தால் கிலோவுக்கு 3,400 கிலோகலோரி மிஞ்சும். 40 கிலோ இருந்தால் 2,400. வெட்டிய கையோடு வருகிற பச்சை விறகில் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம், அப்போது 1,900தான். விறகின் விலையில் தண்ணீரையும் சேர்த்து வாங்குகிறோம், பிறகு அதை ஆவியாக்கக் கிலோவுக்கு 600 கிலோகலோரி வீதம் விறகையே செலவு செய்கிறோம். நஷ்டம் இரண்டு பக்கமும்.

விலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 40 சதவீத ஈர விறகு டன் 5,000 ரூபாய் என்றால், 20 சதவீத விறகை 7,000 கொடுத்து வாங்கினாலும் சூட்டுக் கணக்கில் சமம். அது போக, ஈர விறகு புகையும். பாத்திரத்தின் அடியில் கரி அப்பிக்கொண்டு சூடு உள்ளே போவதையும் குறைக்கும்.

விறகுத்தொட்டி:
எடைக்கு வாங்கினால் மேலே சொன்னது சரி. வண்டிக் கணக்கில் வாங்கினால் கதையே வேறு. காய்ந்த கருவேலம், சவுக்கு, புளி எல்லாம் கன மீட்டருக்கு 800 கிலோவை ஒட்டி நிற்கும், சில கட்டைகள் அதைத் தாண்டும். வேம்பு 700 பக்கம், மா 600 பக்கம், இலவம் 300 கூடத் தேறுவது சிரமம். ஒரே வண்டி இலவத்தில் கருவேலத்தின் பாதிச் சூடு கூடக் கிடைக்காது. அடுப்பு வாயும் ஓர் அளவுதான் கொள்ளும். லேசான விறகென்றால் தள்ளிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும்.

எரிகிற விதத்தையும் பாருங்கள். சவுக்கு நேராக இருக்கும், சுலபமாகப் பிளக்கும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். உலை கொதிக்க வைக்க, சாதம் வடிக்க அதன் நீண்ட சுவாலை நல்லது. கருவேலம் கோணல்மாணலாக இருப்பதால் அடுக்கினால் இடைவெளி விழும், ஆனால் கங்கு நின்று எரியும். புளியைப் பிளப்பது பெரும்பாடு, நார் முறுக்கிக்கொண்டு கோடாலியைப் பிடித்துக்கொள்ளும். கங்குக்கு அதுவும் அருமையான கட்டை. தம் போடும்போது அடியிலும் மூடி மேலும் கங்குதானே வேண்டும், அங்கே சுவாலை கூடாது. ஆகவே சாதத்துக்குச் சவுக்கு, தம்முக்குக் கருவேலம் அல்லது புளி. மா சீக்கிரம் பற்றி சீக்கிரம் தணியும், பற்றவைக்கவும் தாளிக்கவும் போதும். தைலமரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள், காய்ந்தபின் உடைப்பது கடினம்.

கலப்பு விறகு வாங்கினால் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பாருங்கள். அரளி, தில்லை மரக் கட்டை, பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு இருந்தால் சமையல் அடுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

மண்டபச்சமையல்:
நன்றி. ஈரத்தை எப்படி அளப்பது? ஆன்லைனில் விற்கிற ஈரமானி போதுமா?

கொதிகலன்:
போதும், இரண்டு விஷயம் தெரிந்திருந்தால். முதலாவது, கட்டையின் வெளிப்பக்கத்திலோ நுனியிலோ குத்தாதீர்கள், அங்கே எப்போதும் குறைவாகவே காட்டும். அப்போதே பிளந்து நடுப்பகுதியில் குத்துங்கள். இரண்டாவது, இந்த மீட்டர்கள் பெரும்பாலும் காய்ந்த மரத்தின் எடைக்குச் சதவீதம் காட்டும். நான் மேலே போட்டது மொத்த எடைக்கு. மீட்டரில் 25 என்றால் என் கணக்கில் 20. 30-க்கு மேல் காட்டினால் அந்த எண்ணை நம்ப வேண்டாம், "ஈர விறகு" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் இல்லையென்றால் கட்டையின் நடுவிலிருந்து 500 கிராம் வில்லை அறுத்து, பேக்கரி ஓவனில் 105 டிகிரியில் எடை இறங்குவது நிற்கும்வரை வையுங்கள். 400 கிராம் மிஞ்சினால் ஈரம் 20.

தம்அடுப்பு:
உங்கள் அடுப்பில் எது லாபம் என்பதை உங்கள் அடுப்பிலேயே பார்த்துவிடலாம். ஒரே பாத்திரம், மூடியோடு, 20 லிட்டர் தண்ணீர். விறகை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து எடை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விறகையும் ஆறிய அடுப்பிலேயே தொடங்குங்கள். முதல் விறகு சூடாக்கிய அடுப்பில் இரண்டாவதை எரித்தால் இரண்டாவதே ஜெயிக்கும். கொதி வந்ததும் விறகை இழுத்து அணைத்து, மீந்த கட்டையையும் கங்கையும் தனித்தனியே நிறுங்கள். கங்கு ஒரு கிலோ இருந்தால் இரண்டு கிலோ காய்ந்த விறகாகக் கழியுங்கள். கங்கைக் கழிக்காவிட்டால் கருவேலம் தோற்றதாகக் கணக்கு வரும்.

30 டிகிரித் தண்ணீர் 20 லிட்டரைக் கொதிக்க வைக்க 1,400 கிலோகலோரி. 20 சதவீத ஈர விறகு 2 கிலோ செலவானால் 6,800-இல் 1,400, அதாவது ஐந்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போனது. மூன்று கிலோவுக்கு மேல் போனால் மரத்தை மாற்றும் முன் அடுப்பைப் பாருங்கள்: கம்பித் தட்டின் கீழ் சாம்பல் நிறைந்து காற்று அடைபட்டிருக்கும், அல்லது வாயை அடைக்கும் அளவு விறகைத் திணித்திருப்பார்கள், அல்லது பாத்திரத்துக்கும் அடுப்புச் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு சந்து இருக்கும்.

விறகுத்தொட்டி:
இன்னொன்று. மழைக்கு முன்பே வாங்கி, பிளந்து, செங்கல் மேல் குறுக்குநெடுக்காக அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம், பக்கங்கள் திறந்திருக்கட்டும். சுற்றிலும் தார்ப்பாய் போர்த்தினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கோடையில் பிளந்த விறகுக்கு இரண்டு, மூன்று மாதம் போதும். வருடக்கணக்கில் வைக்காதீர்கள், மா விறகெல்லாம் உளுத்துப் பொடியாகிவிடும்.